தோள்மூட்டுக் குருத்தெலும்புக் காயமும் அதற்குரிய பயிற்சிகளும்

கை எலும்பு முறிந்தவனுக்கு மாவுக் கட்டுப் போடுகிறார்கள். பார்ப்பவர் அனைவரும் விசாரிக்கிறார்கள். வேலைக்கு வராததற்குக் காரணம் கேட்பாரில்லை. தோள்மூட்டின் உள்ளே உள்ள குருத்தெலும்பு கிழிந்தவனுக்கோ வெளியே காட்ட ஒரு கீறல்கூட இல்லை. எக்ஸ்ரே படம் எடுத்தால் எலும்பு நன்றாயிருக்கிறது என்ற பதில் கிடைக்கிறது. "வெறும் சுளுக்குத்தான்" என்று சொல்லி அவனும் மறுவாரமே வேலைக்குப் போகிறான். பிறகு ஆண்டுக்கணக்கில் இரவில் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியாமல் தவிக்கிறான்.

சிடாம் கிரியிலும் சுங்கை பட்டாணியைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாழும் நம் மக்களுக்கு இது மிகவும் வேண்டிய விஷயம் என்று கருதியே இவ்விதழில் இதை எடுத்துக்கொண்டோம். நம்மில் பெரும்பாலோர் தோள் பலத்தால் பிழைத்தவர்கள். ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. நீண்ட கம்பில் அரிவாளைப் பூட்டி, கழுத்தை அண்ணாந்து, தலைக்கு மேலே கையை நீட்டி, 20 கிலோவுக்கும் மேற்பட்ட குலையை இழுத்து வெட்டுவது செம்பனைத் தோட்டத்து வேலை. நகர்ப்புறத்தில் நம்மவர் நடத்தும் உணவகங்களில் ரொட்டி வீசுகிறவரும், ஒரு கை மேலே ஒரு கை கீழே என்று நாள் முழுதும் தே தாரிக் இழுக்கிறவரும் தோளையே நம்பி இருக்கிறார்கள். இவை போதாவென்று மோட்டார் சைக்கிளில் வழுக்கி விழுந்து கையை ஊன்றுவதும் நம் சாலைகளில் அன்றாடம் நடப்பது.

முதலில் தோளின் அமைப்பைப் பார்ப்போம். இடுப்பு மூட்டு ஆழமான கிண்ணத்தில் பந்து பொருந்தியதைப் போன்றது. தோள்மூட்டு அப்படியன்று. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் சிறு தட்டைப் போன்ற ஆழமற்ற குழியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கையை முன்னே, பின்னே, மேலே, வட்டமாக என்று எல்லாத் திசைகளிலும் சுழற்ற முடிவது இந்த ஆழமின்மையால்தான். எளிதில் நழுவுவதும் அதே காரணத்தால்தான். இக்குறையை ஈடுசெய்ய அந்தத் தட்டின் ஓரத்தைச் சுற்றிலும் ரப்பர் வளையம் போன்ற ஒரு குருத்தெலும்பு விளிம்பு அமைந்துள்ளது. டாக்டர்கள் இதை லேப்ரம் என்பார்கள். குழியின் ஆழத்தில் ஏறக்குறையப் பாதியை இந்த விளிம்பே தருகிறது. மேற்கைத் தசையான பைசெப்ஸின் ஒரு நரம்புக் கயிறும் இதன் உச்சியில்தான் வந்து பற்றுகிறது. இவ்விளிம்புக்கு இரத்த ஓட்டம் மிகக் குறைவு. ஆகவே தோல் காயம் ஆறுவதுபோல ஒரு வாரத்தில் இது ஆறிவிடாது. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், இனி நாம் சொல்லும் எல்லாவற்றுக்கும் காரணம் விளங்கும்.

இக்காயத்தில் முக்கியமானவை இரண்டு வகை. மூட்டு நழுவும்போது விளிம்பின் முன்புறக் கீழ்ப்பகுதி பெயர்ந்துவிடுவது ஒன்று. 1923-ம் ஆண்டில் லண்டன் அறுவை வைத்தியர் பாங்கார்ட் இதனை எடுத்து விளக்கினார். இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மற்றது உச்சியில், பைசெப்ஸ் கயிறு பற்றும் இடத்தில் முன்னும் பின்னுமாகக் கிழிவது. பந்து எறியும் விளையாட்டுக்காரர்களிடம் இதை 1985-ல் அமெரிக்க டாக்டர் ஆண்ட்ரூஸ் குறித்தார். 1990-ல் ஸ்னைடர் என்பவர் இதற்கு ஸ்லாப் என்று பெயரிட்டு நான்கு வகையாகப் பிரித்தார். விழும்போது நீட்டிய கையை ஊன்றுதல், விழப்போகும் பாரத்தைச் சட்டென்று பிடித்து இழுபடுதல், தலைக்கு மேலே ஓயாமல் வீசி உழைத்தல் ஆகியவை இதனை உண்டாக்கும்.

அடையாளங்கள் என்ன? தோளின் மேற்பரப்பில் அல்லாமல் ஆழத்தில் ஒரு நோவு. கையைச் சுழற்றும்போது 'டக்' என்று ஓர் ஓசை அல்லது சிக்கிக்கொள்வது போன்ற உணர்ச்சி. மேலே தூக்கினால் பலமின்மை. சிலருக்கு மூட்டு நழுவிவிடுமோ என்ற அச்சம். இவை வேறு தோள் நோய்களிலும் உண்டு. எனவே நமக்கு நாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளலாகாது. அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் காட்டிக் கடிதம் பெற்றுக்கொண்டு, சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலீம் ஆஸ்பத்திரியின் எலும்புச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்வது முறை. டாக்டர் கையைப் பல விதமாக அசைத்துப் பார்த்தபின் தேவையானால் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொல்வார். சில வேளை மூட்டுக்குள் மருந்து செலுத்தி அப்படத்தை எடுப்பதும் உண்டு.

இங்கே உருவி விடுவோரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியவில்லை. தோட்டங்களில் நம்மவரும் மலாய் சகோதரரும் எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதில் கைதேர்ந்தவர்கள். தசைப் பிடிப்புக்கு அது சுகம் தருவதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எலும்பிலிருந்து பெயர்ந்த விளிம்பை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. நழுவிய தோளை இழுத்துப் பூட்டும் முயற்சியோ பேராபத்து. அம்மூட்டை ஒட்டி நரம்பும் பெரிய இரத்தக் குழாயும் செல்கின்றன. எலும்பும் முறிந்திருக்கிறதா என்று படம் பாராமல் தெரியாது. நழுவிய தோளை அசைக்காமல் துணியால் தாங்கிக் கட்டி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதே செய்யத்தக்கது.

படத்தில் கிழிசல் தெரிந்தவுடன் கத்திதான் என்று அஞ்சவேண்டாம். தோளில் எந்த நோவும் இல்லாத 45 முதல் 60 வயது வரையுள்ளவர்களைப் படம் எடுத்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சி 2016-ல் வெளிவந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு உச்சி விளிம்பில் கிழிசல் காணப்பட்டது! தலை நரைப்பதுபோல விளிம்பும் நைந்துபோகிறது, அவ்வளவே. 2017-ல் நார்வே நாட்டு டாக்டர்கள் வெளியிட்டது இன்னும் வியப்பானது. ஸ்லாப் காயமுள்ள 118 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். முதல் கூட்டத்தாருக்கு விளிம்பைத் தைத்தார்கள். அடுத்த கூட்டத்தாருக்குப் பைசெப்ஸ் கயிற்றை வேறிடத்தில் மாற்றிப் பொருத்தினார்கள். மூன்றாவது கூட்டத்தாருக்குத் தோலில் துளையிட்டு உள்ளே பார்த்ததோடு நிறுத்தி, எதையும் தைக்காமல் விட்டார்கள். மூன்று கூட்டத்தாருக்கும் பயிற்சி தரப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது மூவரிடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. இதைக் கொண்டு அறுவையே வேண்டாம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இருபது வயது இளைஞனுக்குத் தோள் நழுவினால் மீண்டும் மீண்டும் நழுவும் வாய்ப்பு மிக அதிகம். அத்தகையோருக்கு விளிம்பைத் தைத்துவிடுவதே நலம் என்று டாக்டர்கள் கருதுவார்கள். தைத்தாலும் தைக்காவிட்டாலும் அடுத்து வரும் மாதங்களில் செய்யும் பயிற்சியே கையை மீட்டுத் தருகிறது என்பதுதான் நாம் இங்கே வற்புறுத்த விரும்புவது.

அறுவை என்பது இன்று சிறு துளைகளின் வழியே நடக்கிறது. குழியின் ஓரத்து எலும்பில் நங்கூரம் போன்ற சிறு ஆணிகளைப் பதித்து, நூலால் விளிம்பை இழுத்துக் கட்டுகிறார்கள். முதல் 6 வாரம் விளிம்பை எலும்போடு பிடித்துவைத்திருப்பது அந்த நூலே. உத்தேசமாக 12 வாரத்தில் விளிம்பு எலும்போடு ஓரளவு பற்றிக்கொள்ளும். அதற்குப் பின்னும் பல மாதங்கள் அது உறுதிப்பட்டுக்கொண்டே போகும். நோவோ அதற்கு வெகு முன்பே, நாலைந்து வாரத்திலேயே தணிந்துவிடுகிறது. பலர் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான். நோவு நின்றதைக் குணமானதாக எண்ணி எரிவாயு உருளையைத் தூக்குகிறார்கள். நூல் அறுந்துவிடுகிறது. இதற்கு எதிரான தவறும் உண்டு. அஞ்சி அஞ்சி மூன்று மாதம் கையைத் துணிக்கட்டிலிருந்து எடுக்காமலே வைத்திருந்து, மூட்டு உறைந்து, பிறகு தலை சீவவும் முடியாமல் போகிறவர்கள் இவர்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு மூட்டு உறையும் அபாயம் கூடுதல். நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு பரவியிருக்கிறதென்பதை யாரும் சொல்லவேண்டியதில்லை.

பயிற்சிகளுக்கு வருவோம். பிசியோதெரபி என்பதைத் தமிழ்நாட்டில் இயன்முறை மருத்துவம் என்கிறார்கள். எந்தப் பயிற்சியை எப்போது தொடங்குவது என்பது உங்களுக்குச் செய்த அறுவையைப் பொறுத்தது. அதை டாக்டரும் பிசியோதெரபி நிபுணருமே சொல்லவேண்டும். அவர்கள் வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ அரைமணி நேரம் பார்ப்பார்கள். மற்ற நாட்களில் வீட்டில் செய்வது நம் பொறுப்பு. அதற்குத் துணையாகவே இங்கே எழுதுகிறோம்.

ஸ்லிங் என்னும் தாங்கு துணியில் கை இருக்கும் முதல் வாரங்களில் தோளை விட்டுவிட்டு மற்றவற்றை அசைக்கவேண்டும். விரல்களை மடக்கி விரிப்பது, மணிக்கட்டைச் சுழற்றுவது, முழங்கையை நீட்டி மடக்குவது ஆகியவற்றை ஒரு நாளில் நாலைந்து வேளை, வேளைக்குப் பத்து முறை செய்யலாம். ஸ்லாப் தையல் போட்டவர்கள் மட்டும் முழங்கையை மற்றக் கையின் உதவியாலேயே மடக்கவேண்டும். பைசெப்ஸ் இழுத்தால் தையல்மேல் பாரம் விழும். இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் ஒன்றையொன்று நெருங்கச் செய்து, ஐந்து எண்ணும் நேரம் வைத்திருந்து விடுவதும் இக்காலத்துக்கு ஏற்றது.

டாக்டர் அனுமதித்ததும் ஊசல் பயிற்சி. பாஸ்டன் நகரத்து டாக்டர் காட்மன் தோளைப் பற்றி 1934-ல் ஒரு பெரிய நூலே வெளியிட்டவர். இப்பயிற்சி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. நல்ல கையை மேசைமேல் ஊன்றி, இடுப்பை முன்னே வளைத்து, காயப்பட்ட கையைக் கிணற்றில் இறக்கிய வாளிபோலத் தொங்கவிடவேண்டும். கையை ஆட்டக்கூடாது! உடம்பை முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் மெல்ல அசைத்தால் அந்த அசைவில் கை தானே ஆடும். பெரும்பாலோர் தவறாகச் செய்வது இதைத்தான். தோள் தசையை முறுக்கிக்கொண்டு கையை வீசினால் அது ஊசல் ஆகாது. முதலில் சாண் அகலம் ஆடினால் போதும். வேளைக்கு ஒன்றிரண்டு நிமிஷம், நாளைக்கு மூன்று வேளை.

அடுத்தது கோல் பயிற்சி. துடைப்பக் கம்போ, பழைய குடையோ எது இருந்தாலும் சரி. மல்லாந்து படுத்து, இரு கைகளாலும் கோலைப் பிடித்து, நல்ல கையின் பலத்தால் இரண்டையும் மெல்ல மேலே உயர்த்துவது. காயப்பட்ட கை சும்மா கூடவே வரவேண்டும். மேசைமேல் ஒரு துணியை விரித்து, அதன்மேல் கையை வைத்து முன்னே தள்ளிச் செல்வதும் இவ்வகையே. ஆறு வாரம் கடந்தபின், சுவரை நோக்கி நின்று விரல்களால் சிலந்தி ஏறுவதுபோல் மேலே ஏறலாம். எட்டிய உயரத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். சுவர் அழுக்காகிறதென்று வீட்டுக்காரம்மா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. இரண்டு வாரம் கழித்துக் கோடு எவ்வளவு ஏறியிருக்கிறதென்று பார்க்கும்போது உண்டாகும் ஊக்கத்தை வேறெதுவும் தராது.

முன்புற விளிம்பைத் தைத்துக்கொண்டவர்கள் ஓர் அசைவை வெகு நாள் தவிர்க்கவேண்டும். கையைப் பக்கவாட்டில் உயர்த்திப் பின்னே திருப்புவதுதான் அது. காரின் முன்னிருக்கையில் இருந்துகொண்டு பின்னிருக்கையில் உள்ள பையை எட்டி எடுப்பது இதற்கு உதாரணம்.

பிறகு பலம் ஏற்றும் காலம். முதலில் அசையாமலே தள்ளுவது: கதவு நிலைக்குப் பக்கத்தில் நின்று, முழங்கையை மடித்து, துணி மடிப்பை இடையில் வைத்து, புறங்கையால் நிலையை மெல்லத் தள்ளி, ஐந்து எண்ணி விடவேண்டும். அவ்வாறே உள்ளங்கையாலும். உத்தேசமாக 12 வாரத்துக்குப் பின் ரப்பர் பட்டை வரும். கடைகளில் நிறம் நிறமாக விற்கிறார்கள். ஆனால் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்தாலும் போதும். பல தலைமுறை பால்மரம் வெட்டிய நமக்கு ரப்பரின் இழுவையைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தபின் ஒரு முனையைக் கதவுப் பிடியிலோ தூணிலோ கட்டுங்கள். அக்குளில் ஒரு துண்டைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு, முழங்கையை உடம்போடு ஒட்டி மடித்து, பட்டையை வெளிப்பக்கம் இழுத்து மெதுவாக விடுங்கள். பின் திரும்பி நின்று உட்பக்கம் இழுங்கள். துண்டு கீழே விழுந்தால் முழங்கை விலகிவிட்டதென்று அறியலாம். இவ்விரண்டும் மூட்டின் உருண்டையைக் குழியின் நடுவில் பிடித்துவைக்கும் சிறு தசைகளுக்கு உரியவை. கிழிந்த விளிம்பின் வேலையில் ஒரு பங்கை இத்தசைகளே ஏற்றுக்கொள்கின்றன என்பதால் இவற்றை அற்பமென்று நினைக்கவேண்டாம். படகு துடுப்பிடுவதுபோல இரு கையாலும் பட்டையைப் பின்னே இழுப்பது தோள்பட்டைக்கு நல்லது. சுவரில் கையூன்றித் தள்ளும் தண்டாலும், அது எளிதானபின் மேசை ஓரத்திலும், கடைசியாகத் தரையிலும் தண்டாலும் வரிசைக் கிரமமாக வரும். பத்துப் பத்தாக மூன்று தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். தசைக்கும் ஓய்வு வேண்டும்.

எவ்வளவு நோவு வரை பொறுக்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். பத்தில் மூன்று பங்கு என்று மதிக்கத்தக்க நோவு பயிற்சியின்போது இருந்து, மறுநாள் காலைக்குள் தணிந்துவிட்டால் தொடரலாம். மறுநாளும் நீடித்தால் நேற்றுச் செய்தது அதிகம். குறைத்துக்கொள்ளுங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சல், தையல் இடத்தில் சிவப்பு அல்லது சீழ், விரல்கள் மரத்துப்போதல், கை நிறம் மாறுதல், மூட்டு மீண்டும் நழுவுதல் ஆகிய இவற்றில் ஏதேனும் கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

அன்றாட வாழ்க்கையில் சில சங்கடங்கள். சட்டை போடும்போது காயப்பட்ட கையை முதலில் நுழைக்கவும். கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்கவும். கைலி கட்ட இரண்டு கையும் வேண்டும். ஆறு வாரத்துக்கு நாடா வைத்ததைத் தைத்துக்கொள்வது நலம். சாய்வு நாற்காலியில் சாய்ந்தோ, முழங்கைக்கடியில் தலையணை வைத்தோ உறங்கலாம். தொழுகையைப் பற்றியும் கேட்கிறார்கள். சுஜூதில் கையூன்றும்போதும் அதிலிருந்து எழும்போதும் உடலின் பாரம் தோளில் இறங்குகிறது. டாக்டர் பாரம் ஊன்றலாம் என்று சொல்லும் வரை நாற்காலியில் அமர்ந்து சைகையால் தொழ மார்க்கம் இடம் தருகிறது. தக்பீருக்குக் கையை எட்டிய அளவே உயர்த்தினால் போதும். கட்டு இருக்கும்போது ஒளுச் செய்யும் முறையை உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெண்மக்கள் குழந்தையை இடுப்பில் தூக்குவதையும், நோன்புக் கஞ்சி அண்டாவைக் கிண்டுவதையும் பிறரிடம் விடவேண்டும். வீட்டிலுள்ளோர் இதைத் தாமே முன்வந்து ஏற்றுக்கொள்ளாவிட்டால், எந்தத் தாயும் தன் வாயால் கேட்கமாட்டாள்.

எப்போது வேலைக்குத் திரும்பலாம்? மேசை வேலைக்குச் சில வாரங்களில் போகலாம். தலைக்கு மேலே கையுயர்த்தும் கனமான வேலைக்கு நாலு முதல் ஆறு மாதம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். இந்தியக் கிரிக்கெட் வீரர் ஸ்ரேயாஸ் ஐயருக்கு 2021 மார்ச்சில் புனே ஆட்டத்தில் பந்தைத் தடுக்கப் பாய்ந்தபோது இடது தோள் நழுவியது. ஏப்ரலில் அறுவை நடந்தது. மீண்டும் ஆட்டத்துக்கு வந்தது செப்டம்பரில். கூடவே நிபுணர்கள் இருந்து கவனித்த அவருக்கே ஐந்து மாதம் ஆயிற்றென்றால், செம்பனை வெட்டுபவர் இரண்டே மாதத்தில் கம்பைத் தூக்குவது நியாயமா?

"ஐந்து மாதம் வீட்டிலிருந்தால் அரிசிக்கு யார் தருவார்?" என்ற கேள்வி எழுவது இயற்கை. இங்கேதான் பெர்கெசோ உதவுகிறது. 1969-ம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையில் ஏற்பட்ட விபத்துக்கும், வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே சாலையில் நேர்ந்த விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு. டாக்டர் குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்புக் கொடுத்திருந்தால், அவ்விடுப்புக் காலத்துக்குச் சட்டத்தில் கணக்கிடப்படும் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் ஒன்று 2007 முதல் நடைபெறுகிறது. அதன்மூலம் பயிற்சிச் சிகிச்சைக்கும், முதலாளியோடு பேசி இலகுவான வேலை பெறுவதற்கும் வழி உண்டு. மலாக்காவில் துன் ரசாக் மறுவாழ்வு நிலையம் 2014-ல் திறக்கப்பட்டது. அயல்நாட்டுத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து வேலை விபத்துப் பாதுகாப்பில் சேர்க்கப்பட்டுள்ளனர். நம் ஊரிலிருந்து உணவகங்களுக்கு வந்திருக்கும் தம்பிமார் இதை அறிந்துகொள்ளவேண்டும். சொந்தத் தொழில் செய்வோருக்கு 2017-ல் தனிச் சட்டம் வந்தது. அதில் தாமே முன்வந்து பதிந்து சந்தா கட்டவேண்டும்.

"சுளுக்குத்தானே" என்று சொல்லி விபத்தை எழுதிவைக்காமல் விட்டவர்கள் பின்னால் நிரூபிக்க முடியாமல் திண்டாடுகிறார்கள். அன்றைக்கே மேலாளரிடம் சொல்லுங்கள். முதலாளி தகவல் அறிந்த 48 மணி நேரத்துக்குள் பெர்கெசோவுக்குத் தெரிவிக்கவேண்டும். விழுந்த இடம், நேரம், பார்த்தவர் பெயர், முதலில் காட்டிய கிளினிக்கின் சீட்டு, மருத்துவ விடுப்புச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். பிசியோதெரபிக்குப் போகும்போது அந்த உறையோடு, சுவர்க் கோட்டின் உயரங்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.